குற்றாலத்தைப் பற்றி நாலு கட்டுரை



"நாலு வருஷமா இதழ்ல எழுதுறீங்கக்கா, போறதுக்கு முன்னாடி ஜூனியர்ஸுக்கு 'கட்டுரை எழுதுவது எப்படி'ன்னு ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று இதழ்க் குழு கேட்டது. பாடம் நடத்துகிற அளவுக்கு நான் பெரிய ஆள் கிடையாது. ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எட்டாம் வகுப்பிலிருந்து இன்றுவரை குற்றாலத்தைப் பற்றி மட்டும் நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்த நாலையும் வரிசையாக வைத்தால் நான் எழுதக் கற்றுக்கொண்ட கதை தானாகவே வந்துவிடுகிறது. அதையே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊர் விவரம். வீடு தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அப்பா குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர். துண்டு, டவுசர், குழந்தைகளுக்கு பனியன், செல்போன் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவர், இவைதான் சரக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரல் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வருகிற கூட்டம். இந்த இரண்டிலும் வருகிற பணத்தில்தான் எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும்.

ஒன்று: நான் கண்டு களித்த சுற்றுலாத் தலம்

எட்டாம் வகுப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் மூன்று உட்தலைப்பு. "மலைகளின் இளவரசி", "தென்னகத்தின் ஸ்பா" மாதிரி ஊருக்கு ஊர் ஒரு பட்டம் இருக்குமே, அதை முன்னுரையில் போட்டாக வேண்டும். நானும் போட்டேன். "கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் பேருந்தில் குற்றாலம் சென்றோம்" என்று தொடங்கினேன். எங்கள் குடும்பத்தில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒருத்தர் அந்தப் பேருந்தில் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் பரீட்சைத் தாளில் சுற்றுலாப் பயணிக்குத்தான் இடம், துண்டு விற்கிறவருக்கு இல்லை.

அந்த வடிவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது, ஒரு பத்தியில் ஒரு செய்திதான் என்கிற ஒழுங்கை அதுதான் கையில் கொடுத்தது. இன்றைக்கு லேப் ரிப்போர்ட் எழுதும்போதும் அந்த ஒழுங்கு உதவுகிறது.

இரண்டு: எங்கள் புதிய மாவட்டம்

2019 நவம்பர் 22. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. தமிழ்நாட்டின் 33வது மாவட்டம். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷம் எல்லா மேடையிலும் ஒரே தலைப்புதான்: எங்கள் புதிய மாவட்டம். கட்டுரைப் போட்டிக்கு நான் சேர்த்த விவரங்களை இப்போது பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி, செண்பகாதேவி, தேனருவி என்று அருவிகளின் பெயர் அத்தனையும். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை. பாரதியார் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம். எல்லாம் இருந்தது. பரிசும் கிடைத்தது.

பரிசு வாங்கிவிட்டு வந்தபோது எங்கள் தமிழ் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. சீசன் நேரத்துல குற்றாலத்துல பஸ்ஸை விட்டு இறங்கினா என்ன வாசம் அடிக்கும்?"

பட்டென்று சொன்னேன். தேங்காய் எண்ணெயில் வேகிற நேந்திரங்காய் சிப்ஸ் வாசம். ஈரத்துணி வாசம். பழக்கடைப் பக்கம் போனால் பழுத்த துரியன். அப்பா சட்டையிலும் இந்த மூன்றும் கலந்துதான் வரும்.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே, நீதானே எழுதணும்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

அந்த வாரம்தான் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பரீட்சைக்காக இல்லாமல் சும்மா எடுத்துப் படித்தேன். எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். ஊர் மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் நாங்கள் தினம் தாண்டிப் போகிற ஊர். பதினெட்டாம் நூற்றாண்டு. அதில் குற்றால மலையின் வளத்தை யார் சொல்கிறாள் என்று கவனித்தேன். குறி சொல்ல வருகிற குறத்தி. அவள் மலையைப் பார்க்க வந்தவள் கிடையாது, அங்கேயே இருக்கிறவள். அதனால்தான் குரங்கு எதைச் செய்கிறது, பழம் எங்கே விழுகிறது, அருவித் திவலை எவ்வளவு உயரம் தெறிக்கிறது என்று அடுத்தடுத்துச் சொல்ல அவளால் முடிகிறது. சூரியனின் தேர்ச் சக்கரமே அந்த ஈரத்தில் வழுக்குகிறது என்று அவள் அளந்துவிடும்போதுகூட நம்பத் தோன்றுகிறது. ஏனென்றால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் கண்ணால் பார்த்த கணக்கு. அழகு, அருமை, எழில் கொஞ்சும் என்று அவள் சான்றிதழ் கொடுப்பதில்லை. என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறாள்.

உள்ளூர்க்காரி சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி கிடைத்துவிட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கொரோனா வந்துவிட்டது. 2020, 2021 இரண்டு வருஷமும் சீசன் மாதங்களில் அருவியில் குளிக்கத் தடை. தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. கீழே ஆள் இல்லை. எங்கள் வீட்டில் எடுத்து வைத்த சரக்கு அப்படியே கட்டில் அடியில் கிடந்தது. அந்த இரண்டு வருஷமும் குற்றாலத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை.

மூன்று: அருவி ஏன் நம்மை அடித்துப் போடவில்லை?

கல்லூரிக்கு வந்தேன். சிவில். இரண்டாம் ஆண்டில் பாய்ம இயக்கவியல் வகுப்பு. உயரத்தில் இருக்கிற தண்ணீரின் நிலை ஆற்றல் கீழே வரும்போது இயக்க ஆற்றல் ஆகிறது என்று சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு நம்ம பேரருவி ஞாபகம் வந்தது. உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். அடியில் வேகம் நொடிக்கு 34 மீட்டர் வந்தது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல்! நாலு வழிச் சாலையில் பறக்கிற கார் வேகத்தில் தண்ணீர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? ஆனால் எங்கள் ஆச்சி எழுபது வயதில் அதன் அடியில் நின்று "சுகமா இருக்கு" என்கிறாள்.

விடை பாதி மலையில் இருக்கிறது. பேரருவி ஒரே தாவலில் கீழே வருவதில்லை. மேலேயிருந்து முதலில் பாறையிலேயே குடைந்த மாதிரி இருக்கிற ஒரு பெரிய பள்ளத்தில் விழுகிறது. ஊரில் அதற்குப் பெயர் பொங்குமாங்கடல். அங்கே சுழன்று, கொந்தளித்து, வேகத்தைப் பெரும்பாலும் தொலைத்துவிட்டு, நிரம்பி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அணையின் மதகுக்குக் கீழே தண்ணீரின் ஆற்றலைக் குறைக்க ஸ்டில்லிங் பேசின் என்று கட்டுகிறார்களே, அதே வேலை. வரைபடம் போடாமல், டெண்டர் விடாமல், இயற்கையே கட்டி வைத்தது.

இதைத்தான் இந்த இதழுக்கு முதல் கட்டுரையாக எழுதினேன். எழுதும்போது பெரிய சிக்கல் கணக்கில் வரவில்லை, நடையில் வந்தது. பாடப்புத்தக நடையில் எழுதினால் மெக்கானிக்கல் பையன்கூடப் படிக்க மாட்டான். வாட்ஸ்அப் நடையில் எழுதினால் கணக்கு நிற்காது.

அப்போது கைகொடுத்தவர் ரசிகமணி டி.கே.சி. எங்கள் ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, படித்ததில்லை. தென்காசி நூலகத்தில் அவருடைய 'இதய ஒலி' கட்டுரைகளையும் கடிதங்களையும் எடுத்தேன். 1882-ல் பிறந்தவர், 1954-ல் மறைந்தவர். படித்தது சட்டம். திருநெல்வேலியில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை படித்துப் பேசுகிற கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது இந்தப் பெயர்கள் கிடையாது. அந்த நடை. எதிரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுவது மாதிரி எழுதுகிறார். கம்பனைப் பற்றிச் சொன்னாலும் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாலும் அதே குரல்தான். பண்டிதத் தமிழ் கோலோச்சிய காலத்தில் ஒரு வக்கீல் அப்படி எழுதியிருக்கிறார்!

வட்டத்தொட்டிக்கு நான் எங்கே போக? வீட்டிலேயே ஒன்று ஏற்பாடு செய்தேன். உறுப்பினர் ஒரே ஒருவர், ஆச்சி. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். ஆச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். கை நின்றால் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "அப்புறம்?" என்று கேட்டால் இன்னும் நல்லது. "யாருட்டி அது பெர்னூலி?" என்று கேட்டபோது அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிட்டு, குடத்திலிருந்து அண்டாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை வைத்து எழுதினேன். இன்றுவரை அந்தக் கட்டுரையில் நண்பர்கள் ஞாபகம் வைத்திருப்பது அந்த அண்டாவைத்தான்.

நான்கு: தண்ணீர் வந்த நாள்

இதுதான் எழுதக் கஷ்டமாக இருந்தது.

2024 மே 17. பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அதன்பின் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது.

நம் இதழ்க் குழு கேட்டது: "நீங்கதான் அந்த ஊரு. அந்த அருவிக் கட்டுரையை எழுதினதும் நீங்கதான். இதையும் நீங்களே எழுதுங்க."

எழுத வேண்டிய காரணம் எனக்குப் புரிந்தது. அந்த வருஷம்தான் நீரியல் படித்திருந்தோம். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் தொலைவான மூலையில் விழுந்த மழை, வெளியேறும் இடத்துக்கு வந்து சேர ஆகிற நேரத்தை டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன் என்கிறோம். பரப்பு சிறியதாகவும் சரிவு செங்குத்தாகவும் இருந்தால் அந்த நேரம் மிகக் குறைவு. மலைமேல் கொட்டிய மழை, கீழே இருக்கிறவனுக்குச் செய்தி வருவதற்கு முன் வந்துவிடும். கீழே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். கலங்கல் நிறம், தண்ணீரோடு வருகிற இலை தழை குச்சி, திடீரென்று கூடுகிற இரைச்சல், இவைதான் நமக்குக் கிடைக்கிற முன்னறிவிப்பு. இதில் ஒன்றைப் பார்த்தாலும் செல்ஃபியை விட்டுவிட்டு மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். இதை நாலு பேருக்குச் சொன்னால் பிரயோஜனம்.

ஆனால் வேறு மூன்று கேள்விகள் இருந்தன. பரீட்சையில் யாரும் கேட்காதவை.

முதல் கேள்வி: இறந்துபோன அந்த மாணவரை எப்படி எழுதுவது? நமக்கும் தம்பி வயதுதான். கடைசி நிமிடத்தில் என்ன நினைத்திருப்பார் என்று கற்பனை செய்து எழுதினால் படிக்கிறவர்கள் அழுவார்கள், பகிர்வார்கள். அவர் வீட்டில் ஒருவர் அதைப் படித்தால்? அதனால் ஒரே வாக்கியம் எழுதினேன். பெயர் போடவில்லை. கற்பனை சேர்க்கவில்லை. "கோரத் தாண்டவம்", "ஆர்ப்பரித்துக் கொட்டிய" போன்ற சொற்களின் பக்கமே போகவில்லை. தண்ணீருக்குக் கோபம் கிடையாது, சரிவுதான் உண்டு.

இரண்டாவது கேள்வி: தடையைப் பற்றி என்ன சொல்வது? தடை சரி. ஆனால் தடை என்றால் எங்கள் வீட்டில் வருமானம் இல்லை. சீசன் கடைக்காரனின் கணக்கு விசித்திரமானது. தண்ணீர் விழாவிட்டால் கூட்டம் வராது. ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் இறங்க விடாது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவில் விழுந்தால்தான் துண்டு விற்கும். வட்டிக்கு வாங்கி முதல் போட்டவன் தினமும் காலையில் எழுந்து மலையைப் பார்ப்பான். நான் இரண்டு பக்கத்தையும் எழுதினால் "ஒரு உயிர் போயிருக்கு, இவளுக்கு வியாபாரம் முக்கியம்" என்பார்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் என் வீட்டையே விட்டுவிட்டு எழுதினதாகும்.

வரைவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தடை பற்றிய பத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"தடை போடக்கூடாதுன்னா எழுதுத?"

"இல்லப்பா. தடை வேணும்தான். ஆனா கடைக்காரங்களுக்குக் கஷ்டம்னு…"

"மொதல்ல தடை வேணும்ங்கதை அழுத்தமா எழுது. ஆளு உசுரோட இருந்தாத்தானட்டி நாளைக்கி வந்து துண்டு வாங்குவான்? கஷ்டத்தை அப்புறம் எழுது. அது உள்ளதுதானே."

நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த வரிசையை அப்பா அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். முன்னுரை, பொருளுரை படித்தவள் நான். எது முதலில் வர வேண்டும் என்று சொன்னவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர்.

மூன்றாவது கேள்வியும் அப்பாவோடுதான். கட்டுரையில் எங்கள் கடன் தொகையை எண்ணோடு எழுதியிருந்தேன். எத்தனை வட்டி, யாருக்கு எவ்வளவு என்று. துல்லியம் முக்கியம் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே. அந்த எண்கள்தான் கட்டுரையின் பலம் என்று நம் இதழ்க் குழுவும் சொன்னது. அப்பா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தக் கணக்கை மட்டும் எடுத்துரு."

"ஏம்ப்பா? உண்மைதானே?"

"உண்மைதான். கட்டுரை ஒன்னோடது. கடன் என்னோடது."

எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, தடை நாட்களில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்த துண்டுகளை அப்பா காலையில் ஒருதரம் தட்டி அடுக்கி, சாயங்காலம் ஒருதரம் தட்டி அடுக்குவதை எழுதினேன். அந்த எண்கள் இருந்திருந்தால் கட்டுரை இன்னும் பலமாக இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். இப்போதும் எனக்கு அதில் ஒரு சின்ன ஏக்கம் உண்டு. ஆனால் நம்மைச் சுற்றி இருப்பவர்களின் வாழ்க்கையை எழுதும்போது, எது நம்முடையது எது அவர்களுடையது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுத வந்தாலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் அந்த எண் இல்லை, கவனித்தீர்களா? இதையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்தக் கட்டுரை வந்த வாரம் ஈசிஈ பையன் ஒருவன் மெசேஜ் அனுப்பினான். நண்பர்களோடு வேறொரு மலை அருவிக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கலாக வர ஆரம்பித்ததும் எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டானாம். வெள்ளம் ஒன்றும் வரவில்லை. "பயந்தாங்கொள்ளின்னு கலாய்ச்சுட்டாங்கக்கா" என்றான். எனக்கு வந்த பாராட்டுகளில் பெரியது அதுதான்.

ஜூனியர்களுக்கு

இவ்வளவு சொன்ன பிறகு, கேட்டது போலக் கொஞ்சம் 'எப்படி'யும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். ஆனால் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் மாதிரி இல்லாமல், அங்கே வேலைக்குப் போகிறவர் மாதிரி எழுதுங்கள். உங்கள் டிபார்ட்மென்ட் பாடத்தையும் உள்ளே கொண்டு வாருங்கள். தறி, உப்பளம், செங்கல் சூளை, ஆட்டோ கேரேஜ் என்று ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு பொங்குமாங்கடல் இருக்கும். எழுதி முடித்ததும் இன்ஜினியரிங் படிக்காத ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே எந்தப் பத்தியை எடுக்கலாம் என்று தெரிந்துவிடும். எழுதப்பட்டவர் உயிரோடு பக்கத்தில் இருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவருக்குக் காட்டுங்கள்.

எனக்கு இன்னொரு கட்டுரை பாக்கி இருக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும்போது முன்னாலிருந்து ஒரு காற்று வந்து தள்ளும், இன்னும் உள்ளே போனால் பின்னாலிருந்து ஒரு காற்று தள்ளும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது ஏன் என்று இதுவரை அளந்து பார்த்து எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. அதே கோயிலில், பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லில் ஒரு வேண்டுகோள் வெட்டி வைத்திருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலைப் பாதுகாக்கப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிற பொருளில். சிதைந்து போய் வெகுகாலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தை மறுபடி எழுப்பிக் குடமுழுக்கு நடத்தியது 1990-ல். பார்க்கவே போகாத வாசகருக்கு ஒரு ராஜா எழுதிய கடிதம் என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

காற்றுவேகமானி ஒன்று டிபார்ட்மென்ட்டில் இரவல் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வைகாசி கடைசியில், காற்று எழும்பும்போது போய் அளக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு சிவில் பிள்ளைகள் யாராவது கூட வருவதாக இருந்தால் இதழ்க் குழுவிடம் பெயர் கொடுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். குளிக்க அருவி, தண்ணீர் அளவாக விழுந்தால்.